முற்றத்தின் கீழே மழை

ஊர் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நிமிர்ந்து பார்ப்பதே வழக்கம். கோபுரம் எத்தனை உயரம், மண்டபத்தில் எத்தனை தூண் என்று கணக்கெடுத்துக்கொண்டு, கழுத்து வலியுடன் வீடு திரும்புவார்கள். ஆமதாபாத்திலும் நிமிர்ந்து பார்ப்பதற்குப் பஞ்சம் கிடையாது. 1573-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஸிதி ஸையத் மசூதியின் கல் ஜன்னலில் ஒரு மரத்தின் கிளைகள் பின்னிப் பிணைந்து கிடக்கும் அழகைப் பார்த்தால், கல்லில் செதுக்கினார்களா, நூலில் பின்னினார்களா என்ற சந்தேகமே வந்துவிடும். ஆனால் ஆமதாபாத்துக்குப் போகும் நேயர்களுக்கு நாம் ஒரு யோசனை சொல்லுவோம். அந்த நகரத்தில் கொஞ்சம் குனிந்தும் பாருங்கள். அந்நகரத்தாரின் புத்திக்கூர்மையில் ஒரு பெரும் பகுதி தரைக்கு அடியிலேதான் இருக்கிறது.

சபர்மதி நதிக்கரையில் 1411-இல் ஸுல்தான் அஹமத் ஷா ஸ்தாபித்த நகரம் இது. இதன் பழைய பகுதி 2017-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது. இந்தியாவில் ஒரு நகரம் என்ற முறையில் அந்தக் கௌரவத்தை முதன்முதலில் பெற்றது ஆமதாபாத்தான். அந்தப் பழைய பகுதியில் உள்ள குடியிருப்புகளுக்குப் ‘போள்’ என்று பெயர். ஒரு பெரிய வாயில். அதற்குள் நுழைந்தால் வளைந்து வளைந்து செல்லும் குறுகிய சந்து. சந்தின் இரு பக்கமும் தோளோடு தோள் உரசி நிற்கும் வீடுகள். நடுவே தூண் ஒன்றின்மேல் புறாக்களுக்கென்று கட்டிய சின்னஞ்சிறு மண்டபம். எதிர் வீட்டில் பருப்புக்குத் தாளிக்கும் வாசனை இந்த வீட்டுக்கு வருவதற்கு அதிக நேரம் பிடிக்காது. வீடுகளின் முகப்பில் மரத்தூண்களும் போதிகைகளும் பூவும் கொடியுமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. நம் செட்டிநாட்டுத் தச்சர்கள் பார்த்தால் உடனே உறவு கொண்டாடுவார்கள்.

டாங்கா என்னும் அதிசயம்

நாம் போயிருந்தது சித்திரை மாதம். காற்று அனல் அடுப்பிலிருந்து நேரே புறப்பட்டு வந்ததுபோல் வீசிற்று. நகரத்துக்கு ஆண்டில் பெய்யும் மழை சுமார் 30 அங்குலம். அதுவும் பெரும்பாலும் ஆனி முதல் புரட்டாசிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மற்றைய எட்டு மாதமும் வானம் வெள்ளித் தாம்பாளம்போல் துடைத்துக் கிடக்கும். சபர்மதியோ மழைக்காலத்தில் ஆறு, கோடையில் மணல்வெளி என்று இரட்டை வேஷம் போட்டு வந்த நதி. கிணறு தோண்டினால் பல இடங்களில் உவர் நீர். இப்படிப்பட்ட ஊரில் நூற்றாண்டுக் கணக்கில் ஜனங்கள் நெருக்கமாய் வாழ்ந்திருக்கிறார்கள். அவர்கள் குடிக்க என்ன செய்தார்கள்?

அந்தக் கேள்விக்கு விடைதான் ‘டாங்கா’. நேயர்கள் குதிரை பூட்டிய டோங்காவோடு இதைக் குழப்பிக் கொள்ளக்கூடாது. வீட்டின் நடு முற்றத்துக்கு அடியில் கட்டப்பட்ட மழைத் தண்ணீர் அறைக்குத்தான் குஜராத்தியில் அந்தப் பெயர். இங்கிலீஷில் ‘டாங்க்’ என்கிறார்களே, அந்தச் சொல்லே குஜராத்தி முதலிய நம் தேச பாஷைகளிலிருந்து போயிருக்கலாம் என்று சொல்லாராய்ச்சி செய்வோரில் சிலர் கருதுகிறார்கள். அப்படியானால், நம்மிடம் கடன் வாங்கிய வார்த்தையை ஆங்கிலேயர் வட்டியில்லாமல் நமக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும்.

டாங்காவின் அமைப்பு மிகவும் எளிது. வீட்டுக் கூரையும் மொட்டைமாடியும் முற்றத்தை நோக்கிச் சரிந்திருக்கின்றன. மழைத் தண்ணீர் ஓர் ஓடையில் சேர்ந்து, உலோகக் குழாய் வழியாக இறங்கி, முற்றத்தின் அடியிலுள்ள அறைக்குள் விழுகிறது. செங்கல்லால் கட்டி உட்புறம் சுண்ணாம்புச் சாந்து பூசி வழவழவென்று தேய்த்த அறை அது. மேலே கல் பாவிய தரை. அதில் ஒரு குடம் இறங்கும் அளவுக்கு ஒரு வாய். வாய்க்கு இறுக்கமான மூடி. அவ்வளவுதான். யந்திரம் இல்லை, சக்கரம் இல்லை, மின்சாரம் இல்லை.

ஆனால் எளிதான காரியங்களுக்குத்தான் கண்டிப்பான விதிகள் தேவை. முதல் மழைக்கு முன்பே மாடியைப் பெருக்கிக் கழுவிவிட வேண்டும். முதல் மழையின் தண்ணீர் டாங்காவுக்குள் போகவே கூடாது. எட்டு மாதத்துத் தூசியும் புறாக்களின் பிரசாதமும் அதில் கலந்திருக்கும் அல்லவா? ஆகையால் குழாயைத் திருப்பி அதை வெளியே விட்டுவிட வேண்டும். கூரை நன்றாகக் கழுவப்பட்ட பிறகு வரும் மழைக்குத்தான் உள்ளே அநுமதி.

நிலவறையில் வெயில் படுவதில்லை. வெயில் படாத தண்ணீரில் பாசி பிடிப்பதில்லை. மூடி இறுக்கமாக இருந்தால் கொசு நுழைவதில்லை. மழைத் தண்ணீரில் உப்புக்கள் அநேகமாய் இல்லை. சுண்ணாம்புச் சுவரைத் தொட்டுக்கொண்டு கிடப்பதால் ஓரளவு சுண்ணச் சத்து அதில் சேருகிறது. பூமிக்கு அடியில் இருப்பதால் கோடையிலும் குளிர்ச்சி குறைவதில்லை. இவ்வளவையும் ரஸாயன சாஸ்திரம் படித்துவிட்டா செய்தார்கள்? தலைமுறை தலைமுறையாகக் கண்ட அநுபவத்தை வீட்டுக்குள்ளேயே கட்டி வைத்துவிட்டார்கள்.

ஒரு வீட்டின் வழக்கு

நண்பர் ஒருவரின் தயவால் போள் ஒன்றின் உள்ளே இருந்த ஒரு வீட்டுக்கு நாம் போனோம். வாசலில் ஊஞ்சல், ஊஞ்சலில் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மாள். அம்மாவைக் குஜராத்தியில் ‘பா’ என்று அழைப்பார்கள். அந்த அம்மாளை வீட்டார் மட்டுமல்ல, சந்தில் போகிறவர்கள் எல்லாருமே ‘பா’ என்றுதான் கூப்பிட்டார்கள். நாம் டாங்காவைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று தெரிந்ததும் அவருக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மூடியைத் திறக்கச் சொன்னார். ஒரு சிறு முகம் பார்க்கும் கண்ணாடியை முற்றத்து வெயிலில் பிடித்து, அதன் ஒளியைக் குழிக்குள் பாய்ச்சினார். வெகு ஆழத்தில் ஒரு வெளிச்ச வட்டம் நடுங்கிற்று. அது தண்ணீர் என்று தெரிந்துகொள்ளவே சிறிது நேரம் பிடித்தது, அவ்வளவு தெளிவு.

செப்புச் செம்பைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். மேலே வந்த தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டி நமக்குக் கொடுத்தார்கள். போன ஆவணியில் பெய்த மழை. அதைச் சித்திரையில் நாம் குடித்தோம். உப்பும் இல்லை; உவர்ப்பும் இல்லை; மருந்து வாசனையும் இல்லை. தண்ணீருக்கு ருசி இல்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களே, அந்த ருசியின்மைதான் எவ்வளவு உயர்ந்த ருசி என்று அன்று தெரிந்தது.

ஆனால் அந்த வீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. பாவின் புதல்வர் இருவரும் நதிக்கு அப்பால் அடுக்கு மாடிக் கட்டடங்களில் குடியிருக்கிறார்கள். பழைய வீட்டின் உத்தரங்கள் சிதைந்து வருகின்றன. செப்பனிடுவதானால் பெரும் பணம் வேண்டும். சரக்குக் கிடங்கு வைக்க இடம் தேடும் வியாபாரி ஒருவர் நல்ல விலை சொல்லியிருக்கிறார். அவருக்கு வீட்டின் அடித்தளம் உறுதியாக இருக்க வேண்டுமாம். ஆகவே டாங்காவில் கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பிவிடப் போவதாகச் சொன்னாராம்.

“பா, உங்களுக்கு மாடிப் படி ஏற முடியவில்லை. எங்களோடு வந்துவிடுங்கள். அங்கே லிப்ட் இருக்கிறது, குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது” என்றார் இளைய புதல்வர். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை.

“குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கிறீர்களா, பேட்டா?” என்று கேட்டார் அம்மாள்.

“அப்படியே எப்படிக் குடிப்பது? சுத்தம் செய்யும் மிஷின் வைத்திருக்கிறோம்.”

“ஒரு குடம் சுத்தமான தண்ணீர் கொடுக்க அந்த மிஷின் எவ்வளவு தண்ணீரை வெளியே கொட்டுகிறது?”

புதல்வர் சிறிது தயங்கினார். “இரண்டு குடம் இருக்கும், சில சமயம் மூன்று.”

“மூன்று குடம் கொட்டி ஒரு குடம் குடிக்கிற வீட்டுக்கு வந்து நான் என்ன செய்வேன்? என் மாமியார் இந்தக் கயிற்றை என் கையில் கொடுத்தபோது, முதல் மழையை மட்டும் வெளியே விடு என்றுதான் சொன்னார்.”

அம்மாள் கோபமாகப் பேசவில்லை. புதல்வரும் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் இருவருக்கும் நடுவில் அந்தச் செப்புச் செம்பு, சாட்சிக் கூண்டில் ஏறிய சாட்சிபோல் உட்கார்ந்திருந்தது. நாம் விடைபெற்றபோது கிரயப் பத்திரம் கையெழுத்தாகவில்லை. மழைக்கு முன் மாடியைக் கழுவ ஆள் சொல்லிவிட வேண்டும் என்று அம்மாள் மருமகளிடம் நினைவூட்டிக்கொண்டிருந்தார்.

குழாய் வந்த கதை

டாங்கா எப்படி வழக்கொழிந்தது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். குழாய்த் தண்ணீர் ஒரு சத்துரு அல்ல. ஆமதாபாத்தில் 1861-இல் முதல் பஞ்சாலையைத் தொடங்கிய ரண்சோட்லால் சோட்டாலால், பின்னர் நகரசபைத் தலைவராகி, பலத்த எதிர்ப்புக்கு நடுவே குழாய்த் தண்ணீரையும் பாதாளச் சாக்கடையையும் கொண்டுவரப் பாடுபட்டார். டாங்கா வசதியுள்ள வீடுகளில்தான் இருந்தது. ஆலைத் தொழிலாளியின் குடிசைக்கு அது ஏது? ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே தண்ணீர் என்ற தருமத்தைக் குழாய்தான் கொண்டுவந்தது. 1924 முதல் 1928 வரையில் ஸர்தார் வல்லபபாய் படேல் அதே நகரசபையின் தலைவராக இருந்தார். ஸ்வராஜ்யத்தின் முதல் பாடத்தை அவர் சாக்கடையிலும் தண்ணீர்க் குழாயிலும் நடத்திக் காட்டினார் என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் குழாய் வந்ததும், இனி மழையை நாம் கவனிக்க வேண்டியதில்லை என்று ஜனங்கள் எண்ணிவிட்டார்கள். அதுதான் வினை. இன்று சபர்மதியில் நகரத்தின் நடுவே நிறைந்து நிற்கும் தண்ணீர், தொலைவிலுள்ள நர்மதையிலிருந்து கால்வாய் வழியாக வருவது. ஊரார் நர்மதையைக் குடித்துக்கொண்டு, தங்கள் மாடியில் பெய்யும் மழையைச் சாக்கடைக்கு அனுப்புகிறார்கள்.

நகரத்துக்கு வடக்கே சுமார் 18 கிலோமீட்டர் தூரத்திலுள்ள அடாலஜ் கிராமத்துக்குப் போனால் இன்னொரு பாடம் கிடைக்கும். 1499-ஆம் ஆண்டில் முடிந்த படிக்கிணறு ஒன்று அங்கே இருக்கிறது. ஐந்து அடுக்கு ஆழம். ஒவ்வோர் அடுக்கிலும் சித்திரம்போன்ற தூண்கள். மேலே தீப்பற்றி எரியும் வெயில். கீழே இறங்க இறங்கக் குளிர்ச்சி. இறைவனை நோக்கி மேலே ஏறுவதற்குக் கோயில் கட்டியவர்கள், தண்ணீரை நோக்கிக் கீழே இறங்குவதற்கும் கோயிலே கட்டியிருக்கிறார்கள். ஆனால் குஜராத்தில் இத்தகைய படிக்கிணறுகள் பலவற்றில் தண்ணீர் வற்றிவிட்டது. சுற்று வட்டாரத்தில் போட்ட ஆழ்குழாய்க் கிணறுகள் நிலத்தடி நீரை எட்டாத ஆழத்துக்கு இழுத்துவிட்டன.

இங்கேதான் டாங்காவின் பெருமை விளங்குகிறது. கிணற்றிலுள்ள தண்ணீர், அண்டை அயலார் எல்லாருடைய நல்ல புத்தியையும் நம்பி நிற்பது. ஒருவர் பேராசைப்பட்டால் ஊரே வறண்டுபோகும். டாங்காவின் தண்ணீர் நம் கூரையில் பெய்தது. நம் சுவருக்குள் கிடப்பது. அதை யாரும் பக்கத்து நிலத்திலிருந்து உறிஞ்சிவிட முடியாது.

போர்பந்தரில் ஒரு முற்றம்

ஆமதாபாத்திலிருந்து இரவு முழுவதும் ரயிலில் பிரயாணம் செய்து நாம் போர்பந்தருக்குப் போனோம். அரபிக் கடலின் ஓரத்தில், அந்தப் பிரதேசத்திலேயே வெட்டி எடுக்கும் வெண்மையான சுண்ணக்கல்லால் கட்டிய ஊர். இந்தக் கல் ஒரு காலத்தில் கடல் வழியே பம்பாய்க்குப் போய் அங்குள்ள கட்டடங்களுக்கும் பயன்பட்டது. கடற்கரை ஊராகையால் நிலத்தடி நீர் உவர்ப்பு. அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது என்று வீட்டுப் பெண்மணிகள் சொல்லுவார்கள்.

மகாத்மா காந்தி 1869-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி பிறந்த வீடு இந்த ஊரில்தான் இருக்கிறது. அவருடைய கொள்ளுத் தாத்தா 1777-இல் வாங்கிய வீடு. அதை ஒட்டி எழுப்பிய கீர்த்தி மந்திரத்தை 1950-ஆம் ஆண்டு மே மாதம் ஸர்தார் படேல் திறந்துவைத்தார். காந்தியடிகள் வாழ்ந்த வயதைக் குறிக்கும்படி அதன் உயரம் 79 அடி. யாத்திரிகர்கள் மகாத்மா பிறந்த அறையில் தரையிலுள்ள ஸ்வஸ்திகக் குறியைக் கண்டு கும்பிட்டு, குறுகலான மரப்படிகளில் ஏறி இறங்கிவிட்டுப் போகிறார்கள். நாமும் அப்படியே செய்தோம். ஆனால் அத்துடன் நிற்காமல் முற்றத்தையும் பார்த்தோம். அதன் அடியிலும் மழைத் தண்ணீர் சேர்க்கும் தொட்டி இருக்கிறது!

ஒரு சமஸ்தானத்துத் திவான் குடும்பத்தின் வீடு அது. ஆயினும் அங்கே வளர்ந்த குழந்தை, தண்ணீர் என்பது ஆண்டுக்கு ஒரு முறை வானம் கொடுக்கும் பொருள், அடுத்த மழை வரையில் அளந்துதான் செலவு செய்ய வேண்டும் என்பதை ஒருவரும் உபதேசம் செய்யாமலே அறிந்திருக்கும். வீடு என்பது குடியிருக்க மட்டும் அல்ல. சிக்கனத்தைக் கற்பிக்கும் பள்ளிக்கூடமாகவும் இருக்கக்கூடும்.

நம் வீட்டுக் கணக்கு

“குஜராத் கதை கேட்க நன்றாய்த்தான் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு இதனால் என்ன?” என்று நேயர்கள் கேட்கலாம். கணக்கே போட்டுப் பார்ப்போம்.

ஆமதாபாத்துக்கு 30 அங்குல மழை என்றால் சென்னைக்குச் சராசரி சுமார் 55 அங்குலம். அதாவது ஏறக்குறைய இரண்டு பங்கு. ஒரு சதுர மீட்டர் மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 4,000 சதுர அடி மாடியுள்ள ஓர் அடுக்கு வீட்டுக் கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை மழையில் அதன்மேல் ஆண்டுக்குச் சுமார் 5,20,000 லிட்டர் விழுகிறது. முதல் மழைக்கும் சேதாரத்துக்குமாக ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளிவிட்டாலும் 4,00,000 லிட்டருக்குக் குறையாது. அந்தக் கட்டடத்தில் 20 குடும்பம், குடும்பத்துக்கு 4 பேர், குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 5 லிட்டர் என்று வைத்தால், ஆண்டுக்கு வேண்டியது 1,46,000 லிட்டர்தான். குளிப்பதற்கும் துவைப்பதற்கும் மழை போதாது. குழாயும் கிணறும் வேண்டும். ஆனால் வாய்க்குள் போகும் தண்ணீர் அத்தனையும் தலைக்கு மேலேயே பெய்கிறது!

தை முதல் வைகாசி வரையில் மழை மிகக் குறைந்த ஐந்து மாதத்துக்கு, நாளைக்கு 400 லிட்டர் வீதம் 60,000 லிட்டர் சேமித்தால் போதும். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழமுள்ள ஒரு நிலவறை அதற்குப் போதுமானது. மழையே இல்லாமல் பொய்த்துப்போகும் ஆண்டுக்காக இன்னும் சற்றுப் பெரிதாகக் கட்டலாம். அடுக்கு வீடுகள் வாங்கும் பெரிய தண்ணீர் லாரி 12,000 லிட்டர் கொள்ளும் என்றால், அந்த நிலவறை ஐந்து லாரிக்கு ஈடு.

தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே எல்லாக் கட்டடங்களிலும் மழை நீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்துவிட்டது. நல்ல சட்டம், கிணறுகளில் நீர் ஊறவும் செய்தது. ஆனால் அந்த மழை பெரும்பாலும் நிலத்துக்குள் இறக்கப்படுகிறது. நம் குடத்துக்குள் வருவதில்லை. பிறகு அதே தண்ணீரை உப்புடன் மேலே இழுத்து, யந்திரத்தில் வடிகட்டி, வடிகட்டியதைப் போல இரண்டு மூன்று பங்கைச் சாக்கடையில் விடுகிறோம். அல்லது பிளாஸ்டிக் கேனில் விலைக்கு வாங்குகிறோம். உப்பு அதிகம் இல்லாத தண்ணீருக்கு இத்தகைய யந்திரம் தேவையில்லை என்று 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொல்ல நேர்ந்தது. அதே 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, குடங்கள் தெருவில் வரிசை நின்றதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

செட்டிநாட்டு வீடுகளில் கூரைகளெல்லாம் முற்றத்தை நோக்கிச் சரிந்திருப்பதும், மழை பெய்தால் அண்டாக்களை வைத்துப் பிடிப்பதும், மிஞ்சிய தண்ணீர் ஊருணிக்குப் போவதும் நமக்குத் தெரியாத சங்கதி அல்ல. வேறு தேசத்து வித்தையை நாம் இரவல் வாங்கச் சொல்லவில்லை. நம் பாட்டி அறிந்ததைப் பேரன் மறக்க வேண்டாம் என்றுதான் சொல்லுகிறோம்.

ஆகையால், புது வீடு கட்டப்போகும் நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். மேஸ்திரியிடமும் எஞ்சினீயரிடமும் வரைபடம் போடும்போதே சொல்லுங்கள்: கழிவுத் தொட்டிக்கு வெகு தூரத்தில், குடிதண்ணீருக்கென்று தனியான ஒரு நிலவறை வேண்டும். முதல் மழையைத் திருப்பிவிட ஒரு குழாய். மணலும் சரளையும் நிரப்பிய ஒரு வடிகட்டி. கொசு நுழையாத மூடி. ஆள் இறங்கிக் கழுவ வசதி. ஆண்டுக்கு ஒரு முறை தண்ணீரைப் பரீட்சை செய்து கொள்ளுங்கள். கிருமி இருந்தால் ஓரிரண்டு நாளில் தண்ணீரைக் கறுக்கச் செய்துவிடும் சிறு சோதனைக் குப்பிகள் மலிவாகவே கிடைக்கின்றன. சந்தேகம் இருந்தால் கொதிக்கவைத்துக் குடியுங்கள். கட்டிய பிறகு தரையை உடைத்து இதைச் செய்வது பெரும் சிரமம். கட்டும்போதே செய்தால் செலவு சொற்பம்.

பூஜை அறை எந்தத் திசையில், சமையலறை எந்த மூலையில் என்றெல்லாம் நாள் கணக்கில் ஆலோசிக்கிறோம். குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு மட்டும் லாரிக்காரரைப் பதில் சொல்ல விடுகிறோம். அந்தக் கேள்விக்கு வீட்டின் வரைபடமே பதில் சொல்லட்டும். ஐப்பசியில் வானம் கறுக்கும்போது, “ஐயோ, துணி நனைந்துவிடுமே” என்று மாடிக்கு ஓடும் குழந்தைகள், “குழாயைத் திருப்பலாமா, அம்மா?” என்றும் கேட்கும் காலம் வரட்டும்.